மடியில் இருந்த வில்லுக்கத்தி: சோதனைச் சாவடிகள் மாற்றிய ஒரு பழக்கம்

வவுனியாவுக்குப் போகிற நாட்களில் அப்பப்பா வீட்டால் வெளிக்கிட முன்னம் ஒரு வேலை செய்வார். வேட்டி மடியை அவிழ்த்துக் கொட்டைப்பெட்டியை எடுப்பார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பாக்குவெட்டி எல்லாம் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். வில்லுக்கத்தியை மட்டும் வெளியே எடுத்து அப்பம்மாவின் கையில் கொடுப்பார். அது 2003, 2004 காலம். போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறையில் இருந்தது, ஏ9 வீதி திறந்திருந்தது. கத்தி கொண்டு போகக் கூடாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எங்கும் எழுதி ஒட்டியிருந்ததாகவும் எனக்கு நினைவில்லை.

காரணம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முந்தியது. ஒரு சோதனைச் சாவடியில் அந்தக் கத்திக்காக அவரை வரிசையில் இருந்து விலக்கி வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். மூன்று அங்குலம்கூட வராத அலகு. மாம்பழம் வெட்டவும், கயிறு அறுக்கவும், காலில் ஏறிய முள்ளை எடுக்கவும் பயன்பட்டது. எதற்கு இது என்று சிங்களத்தில் கேட்டார்கள், அவர் தமிழில் பதில் சொன்னார். பின்னேரம் விட்டார்கள். கத்தியையும் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றோடு அந்தக் கத்தி பயணம் போவது நின்றது. பாக்குவெட்டி மட்டும் தொடர்ந்து போய் வந்தது. அதைச் சிங்களக் கிராமங்களிலும் எல்லோருக்கும் தெரியும், 'கிரய' என்பார்கள். சாவடியில் நின்ற சிப்பாய்கள் அதைப் பார்த்துச் சிரித்ததாகவே அப்பப்பா சொல்லுவார். தெரிந்த பொருளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பாதுகாப்புக் கெடுபிடிகளைப் பற்றி எழுதும்போது கைதுகளையும், காணாமல் ஆக்கப்பட்டவர்களையும், பறிபோன காணிகளையும் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். அந்த இழப்புகளுக்குக் கீழே, எந்த ஆணைக்குழுவின் முன்னும் யாரும் போய்ச் சொல்லாத சின்னச் சின்ன மாற்றங்களும் நடந்திருக்கின்றன. மடியிலோ காற்சட்டைப் பையிலோ ஒரு கத்தி வைத்திருக்கிற பழக்கம் எங்களிடம் இருந்து போனது அப்படியான ஒன்று.

கத்தி இல்லாத வேலை இல்லை

இன்றைய பிள்ளைகளுக்கு வில்லுக்கத்தி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மடிக்கும்போது அலகு கைபிடிக்குள் போய்விடும். முதுகுப் பக்கத்தில் உள்ள வில் அதை இறுக்கிப் பிடிக்கும். கடைகளில் பேனாக்கத்தி என்று கேட்டும் வாங்குவார்கள். தோட்டக்காரர், மேசன்மார், பந்தல் போடுகிறவர்கள், வாழைக்குலை ஏற்றுகிறவர்கள் எல்லோரிடமும் இருந்த சாமான் அது.

தொழிலுக்கு உரிய கத்திகள் வேறு. சீவல் தொழிலாளி இடுப்பில் இயனக்கூடு கட்டியிருப்பார். அதற்குள் பாளைக்கத்தி இருக்கும். முடி மயிரையும் வழிக்கிற கூர்மை அதற்கு வேண்டும். கூர் மழுங்கினால் பாளை கிழியும், கள்ளு வடியாது. பனையோலையில் பெட்டியும் பாயும் இழைக்கிற பெண்களின் கையில் சத்தகம். ஆட்டுக்குக் குழை முறிக்கக் கொக்கத்தடி. வன்னியில் பற்றை வெட்டக் காட்டுக்கத்தி. கடற்றொழிலாளியின் கத்தியை ஆயுதம் என்பதைவிட உயிர்காப்புச் சாமான் என்பதே சரி. வலை காலில் சுற்றினாலோ, இயந்திரத்தின் விசிறியில் கயிறு சிக்கினாலோ, அறுத்துவிட ஒரு கணம்தான் இருக்கும்.

இந்தக் கத்திகளைச் செய்தவை ஊர்க் கம்மாலைகள். எந்தக் கத்தி யாருடையது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரின் இடுப்பில் இருக்கிற கருவியை வைத்தே அவருடைய தொழிலையும், அதோடு சாதியையும் கணக்குப் போட்ட சமூகம் எங்களுடையது. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. ஆனாலும் கத்தியைப் பார்த்துப் பயப்பட்டவர் இல்லை. பயம் அந்த ஊரையும் தொழிலையும் அறியாதவர் துவக்கோடு வந்து நின்றபோதுதான் வந்தது.

சாவடியில் ஒரு கத்தி

இலங்கையில் கத்தி பற்றிய சட்டம் இல்லாமல் இல்லை. மடக்குக் கத்தியோடு வெளியில் நடமாடுவதைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டம் ஒன்றைப் பிரித்தானிய ஆட்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொண்டு வந்தது. கத்தியால் காயப்படுத்துவதற்குத் தண்டனைச் சட்டக்கோவையில் தனிப் பிரிவுகள் உண்டு. ஆனால் 1980களில் இருந்து வடக்குக் கிழக்கில் சாவடியில் நின்ற எவரும் இந்தச் சட்டங்களை நினைத்துப் பயப்படவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன்கீழ் ஒருவரை 18 மாதங்கள் வரை தடுத்து வைக்கலாம் என்ற ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை இருந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே நீதிமன்றத்தில் சான்றாகும். இதோடு அவசரகால ஒழுங்குவிதிகளும் 1983இல் இருந்து இடையிடையே விட்டுவிட்டு 2011 ஓகஸ்ட் வரை நடைமுறையில் இருந்தன. கத்தி வைத்திருந்தால் என்ன தண்டனை என்று ஒருவரும் கேட்கவில்லை. கத்தியில் தொடங்குகிற விசாரணை எங்கே போய் முடியும் என்பதே எல்லோரின் மனதிலும் இருந்தது.

1990இல் இருந்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, யூரியா, சவர்க்காரம் என்று நீண்ட பட்டியல். அந்தக் காலத்தில் பயணம் செய்தவர்கள் ஒவ்வொரு சாமானையும் எடுத்துப் பார்த்து, இதற்கு என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்துப் பழகினார்கள். ரோர்ச் லைற்றுக்குள் இருக்கும் பற்றரிக்கே பதில் சொல்ல வேண்டியிருந்தபோது கத்திக்கு என்ன பதில் சொல்லலாம்? கொண்டு போகாமல் விடுவதுதான் சுகம். கிளாலிக் கடலைத் தாண்டினாலும், தாண்டிக்குளத்தில் நின்றாலும், பிறகு ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி நடந்தாலும் இதுதான் கதை. புலிகளின் சாவடிகளிலும் பைகள் திறக்கப்பட்டன. அங்கே கேள்வி பெரும்பாலும் பாஸ் பற்றியும் வரி பற்றியும் இருந்தது.

இதில் மொழியின் பங்கை லேசாக எண்ணக் கூடாது. கத்தி என்பது விளக்கம் தேவைப்படும் பொருள். அதே சாமான் சமையலறையில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று, இரவு வீதியில் வேறொன்று. அந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தவர் தப்பினார். 'பிஹிய' என்ற ஒரு சொல்லுக்கு அப்பால் சிங்களம் தெரியாத ஒரு முதியவர், தான் வாழைத்தோட்டத்துக்குப் போவதாக எப்படிச் சொல்லுவார்? சிப்பாயும் பெரும்பாலும் ஒரு விவசாயக் கிராமத்தில் இருந்து வந்தவர்தான். அவருடைய தகப்பனின் இடுப்பிலும் ஒரு கத்தி இருந்திருக்கும். நேற்று இன்னொரு சாவடியில் குண்டு வெடித்திருந்தால் இன்று அந்த நினைவு உதவாது. தற்கொலைக் குண்டுகளும் கிளைமோர்களும் வெடித்த நாட்டில் பைகளைத் திறந்து பார்த்ததில் நியாயமே இல்லை என்று நான் எழுதப் போவதில்லை. யாருடைய பை ஒவ்வொரு நாளும் திறக்கப்பட்டது என்பதைத்தான் எழுதுகிறேன்.

தொழிலாளர்களுக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போகிற வசதி இருக்கவில்லை. பாளைக்கத்தி இல்லாமல் மரம் ஏற முடியாது. சீவல் தொழிலுக்கு விடியற்காலையும் பின்னேரமும் மரம் ஏற வேண்டும். ஊரடங்கு அந்த இரண்டு நேரத்தையும் தின்றது. பனையின் உச்சியில் நிற்கிறவர் முகாமைப் பார்க்கிறார் என்ற சந்தேகம் வேறு. காப்பரண்களுக்காகப் பனைகளே தறிக்கப்பட்ட காலம் அது. கடலுக்குப் போகிறவர்கள் கடற்படையின் பாஸ் முறைக்குள் இருந்தார்கள். படகில் உள்ளவை பார்வையிடப்பட்டே இறக்கப்பட்டன. இவர்கள் கத்தியை ஒளிக்கவில்லை. வெளியே தெரியும்படி, கேட்க முன்னமே எடுத்து நீட்டும்படி வைத்துக்கொண்டார்கள். முன்பு மடிக்குள் இருந்த சாமான் கையில் ஏந்திக் காட்டும் சாமானாக மாறியது.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்து சோதனைகளைத் தாண்டி முகாம்களுக்குள் போன ஏறக்குறைய மூன்று இலட்சம் பேரிடம் கத்தி இருந்ததா என்று கேட்பதே பிழை. மாற்றுத் துணியே இருக்கவில்லை. மீள்குடியேறியபோது பல வீடுகளில் முதலில் வாங்கிய சாமான்களில் மண்வெட்டியும் கத்தியும் இருந்தன.

சாவடி போனது, பழக்கம் வரவில்லை

ஓமந்தைச் சாவடி 2015 ஓகஸ்டில் அகற்றப்பட்டது. வில்லுக்கத்தி திரும்ப மடிக்கு வரவில்லை. மடியே இல்லாமற் போனதும் ஒரு காரணம் என்று சிரிப்புக்குச் சொல்லலாம். வேட்டி கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், பாக்குப் போடுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆனால் சேட் போட்டு மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போகிறவரும் கத்தியைச் சைக்கிள் பெட்டிக்குள் சாக்கில் சுற்றித்தான் கொண்டு போகிறார். பஸ்ஸில் மாங்காய் வாங்கினால் பல்லால் கடிக்கிறோம். சாக்கு மூட்டையின் நூலைத் திறப்பால் குத்தி அறுக்கிறோம். சிலருடைய பேர்ஸுக்குள் பாதியாக முறித்துக் கடதாசியில் சுற்றிய சவர பிளேட் இருக்கும். அது வில்லுக்கத்தியை விட ஆபத்தானது. ஆனால் பார்வைக்குக் கத்தி இல்லை.

வீட்டால் வெளிக்கிட முன்னம் தன் பையைத் தானே சோதிப்பது இன்னும் பலரிடம் இருக்கிறது. அடையாள அட்டை இருக்கிறதா, தேவையில்லாத சாமான் ஏதும் கிடக்கிறதா என்று ஒரு பார்வை. சாவடியைப் பார்த்தேயிராத பிள்ளைகளுக்கும் தாய்மார் இதைச் செய்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெளியே கொண்டு போகாத கத்தி வீட்டுக்குள் தலைமாட்டுக்கு வந்தது. 2011 ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் நீக்கப்பட்ட அதே மாதத்தில்தான் கிறீஸ் பூதம் பற்றிய பீதி தீவு முழுவதும் பரவியது. வடக்குக் கிழக்கில் ஊர்கள் தடிகளோடும் கத்திகளோடும் இரவிரவாக விழித்திருந்தன. ஆண் துணையற்ற வீடுகள் அதிகமாக இருந்த காலம். பொலிஸிடம் போய்ச் சொல்ல நம்பிக்கை இல்லாதவர்களுக்கு வெட்டுக்கத்தி ஒரு ஆறுதல். அந்த மாதம் 22ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில், பூதத்தைத் துரத்திப் போன மக்களுக்கும் படையினருக்கும் இடையில் முறுகல் வந்தது. தொடர்ந்து ஊருக்குள் புகுந்து நூறு பேரளவில் கைது செய்தார்கள், பலர் தாக்கப்பட்டார்கள். தற்காப்புக்கு எடுத்த தடியும் கத்தியும் எந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கப்படுகிறது என்பதைப் பொறுத்து வேறு பெயர் பெற்றன.

பிறகு வந்தது வாள்வெட்டு. ஆவா குழு என்ற பெயர் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கிய காலத்தில் இருந்து யாழ். குடாநாட்டில் கத்தியின் அர்த்தம் இன்னொரு முறை மாறியது. மோட்டார் சைக்கிளில் முகத்தை மூடிக்கொண்டு வந்து வீட்டுப் படலையையும் ஆட்களையும் வெட்டிவிட்டுப் போனவர்கள் எங்கள் பிள்ளைகள்தான். 2017 ஜூலை இறுதியில் கொக்குவிலில் இரண்டு பொலிஸார் வெட்டப்பட்ட பிறகு விசேட தேடுதல்கள் நடந்தன. அந்தத் தேடுதல்களை வரவேற்ற பெற்றோர் நிறையப் பேர். இந்த இடத்தில் அரசாங்கத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாது. இன்று இரவு எட்டு மணிக்குப் பின் ஒழுங்கையில் நிற்கிற இளைஞனின் பையில் கத்தி இருந்தால், பொலிஸுக்கு முன் அயலவரே சந்தேகப்படுவார்.

2019: இம்முறை வேறொருவரின் பை

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் 260இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பலியானவர்களில் சிறுவர்கள் பலர். மறுநாள் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. நான்கு மாதங்கள் அது நீடித்தது. பாடசாலை வாசல்களில் புத்தகப்பைகள் திறக்கப்பட்டன, சில இடங்களில் பெற்றோரே முறை வைத்து நின்று பார்த்தார்கள்.

கத்தி நேரடியாகப் பேசுபொருளானது அப்போதுதான். தேடுதல்களில் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் இருந்து வாள்களும் கத்திகளும் மீட்கப்பட்டதாக நாளாந்தம் செய்திகளும் படங்களும் வந்தன. மே முதல் வாரத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்குமாறு பொலிஸார் பொதுமக்களுக்கு அறிவித்தார்கள். அன்றாட வேலைக்கு வைத்திருக்கும் கத்திகள் அதில் அடங்காது என்றும் சொன்னார்கள். அறிவித்தல் அளவில் அது நியாயமான வேறுபாடு. ஆனால் அன்றாட வேலைக்கான கத்தி எது, பெரிய கத்தி எது என்பதை முடிவு செய்வது வாசலில் நிற்கிற அதிகாரி. இறைச்சிக் கடைக்காரரின் கத்தி, குர்பானுக்காக வீட்டில் வைத்திருந்த கத்தி, தேங்காய் வெட்டும் கத்தி எல்லாம் மேசையில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தால் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அந்த வாரங்களில் எங்களில் சிலருக்கு ஒரு நிம்மதி இருந்ததை மறைக்கத் தேவையில்லை. இம்முறை சந்தேகம் எங்கள் மேல் இல்லை என்ற நிம்மதி. முப்பது வருடம் பையைத் திறந்து காட்டியவர்களே இன்னொருவரின் பையைத் திறக்கச் சொன்னதையும் கேட்டேன். அந்த நிம்மதி அதிக நாள் நீடிக்கவில்லை. ஏ9 வீதியில் மறுபடி இறங்கி நடந்தோம். மே 3ஆம் திகதி யாழ். பல்கலைக்கழகத்தில் நடந்த தேடுதலில் பிரபாகரனின் படம் கிடைத்ததாக மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் கைது செய்யப்பட்டனர். குண்டைத் தேடிப் போகிற தேடுதல், கிடைக்கிறதை எடுத்துக்கொண்டு திரும்பும். அந்த ஆண்டு ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனவர்கள் வீதித் தடைகளில் உடற்சோதனைக்கு நின்றார்கள். அர்ச்சனைத் தட்டுக்குத் தேங்காயும் பழமும் கொண்டு போனவர்கள் பழம் வெட்டக் கத்தி கொண்டு போகவில்லை. யாரும் சொல்லித் தெரிய வேண்டிய நிலையில் நாங்கள் இருக்கவில்லை.

விமானமும் வெளிநாடும்

சுவிஸில் இருந்து வருகிறவர்கள் சொக்கிலேற்றோடு கொண்டு வருவது அந்தச் சிவப்புக் கத்தி. அதைச் செய்கிற விக்ரோறினொக்ஸ் நிறுவனம் 1884இல் சுவிஸின் ஷ்விஸ் மாநிலத்தில் தொடங்கியது. 1891இல் இருந்து சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுக்கிறது. அமெரிக்காவில் 2001 செப்டெம்பர் 11க்கு முன் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள கத்தியோடு விமானத்துக்குள் ஏறலாம். அன்று கடத்தல்காரர்கள் சிறிய கத்திகளையும் பெட்டி வெட்டும் அலகுகளையும் பயன்படுத்திய பின் அது ஒரே நாளில் முடிந்தது. விமான நிலையக் கடைகளில் கத்தி விற்பனை நின்றது. விக்ரோறினொக்ஸின் வியாபாரம் ஏறக்குறைய 30 வீதம் விழுந்தது. வேலையாட்களை நிறுத்தாமல் வேறு நிறுவனங்களுக்குச் சில காலம் இரவலாக அனுப்பிச் சமாளித்தார்கள். 2024இல் அந்த நிறுவனத்தின் தலைவர் கார்ல் எல்செனர், அலகே இல்லாத பையடக்கக் கருவி ஒன்றைத் தயாரித்து வருவதாக அறிவித்தார். உலகெங்கும் கத்திக் கட்டுப்பாடு கூடுவதே அவர் சொன்ன காரணம். கத்தி செய்து பெயர் எடுத்தவர்களே கத்தி இல்லாத கத்தி செய்ய வேண்டி வந்திருக்கிறது.

ஊருக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஐரோப்பிய ஒன்றிய விதியில் 6 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட அலகுள்ள கத்திக்குக் கைப்பையில் தடை. பலரும் வாங்குகிற 91 மில்லிமீற்றர் சிவப்புக் கத்தியின் பெரிய அலகு அந்த அளவைத் தாண்டும். கனடா 2017 நவம்பரில் இருந்து 6 சென்ரிமீற்றர் வரை அனுமதிக்கிறது, ஆனால் அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களில் இல்லை. அமெரிக்கா 2013இல் அதே அளவை அனுமதிக்கப் போவதாக அறிவித்து, விமானப் பணியாளர்களின் எதிர்ப்பால் சில மாதங்களில் கைவிட்டது. இந்தக் கணக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் கத்தியைப் பெரிய பொதிக்குள் போட்டு அனுப்பிவிடுங்கள். இடையில் மாறி ஏறும் நிலையத்தில் மறுபடி சோதனை உண்டு, அங்குள்ள விதி வேறாக இருக்கலாம். புறப்பட்ட இடத்தில் விட்டார்கள் என்பது அங்கே செல்லாது.

தரையில் விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு மேற்படாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் இல்லாமலே வைத்திருக்கலாம். விரித்தவுடன் அலகு பூட்டிக்கொள்ளும் கத்தி எவ்வளவு சிறிதானாலும் அந்த விலக்குக்குள் வராது. சிவப்புக் கத்தியிலேயே 91 மில்லிமீற்றர் வகை இதில் தப்பும், 111 மில்லிமீற்றர் வகையில் பல தப்பாது. மற்றக் கத்திகளுக்கு நல்ல காரணம் வேண்டும், அதை நிறுவும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. தொழில் ஒரு காரணம், சமயம் ஒரு காரணம், சீக்கியரின் கிர்பான் அப்படி. பையில் கிடந்தது மறந்துபோனேன் என்பது மட்டும் போதாது. உணவகத்தில் சமைக்கிற எங்கள் ஆட்கள் தங்கள் கத்தியைச் சுற்றிக் கட்டி, வேலைக்குப் போய் நேரே வீட்டுக்கு வர வேண்டும். வழியில் மதுக்கடைக்குப் போனால் காரணம் பலவீனமாகிவிடும். அங்கே சில நேரங்களில், ஒரு பகுதியை அறிவித்து, தனிப்பட்ட சந்தேகம் இல்லாமலே நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் பொலிஸுக்கு உண்டு. அப்படி நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு அவர்களுடைய சனத்தொகைப் பங்கை விடப் பல மடங்கு என்பதை அரசின் புள்ளிவிபரங்களே காட்டுகின்றன. 2000களில் இலண்டனில் தமிழ் இளைஞர் குழுக்களின் வாள்வெட்டுகளைப் பார்த்த பெற்றோருக்கு, அந்தச் சோதனையும் அதன் தேவையும் இரண்டுமே புரியும்.

ஜேர்மனியில் நிலைமை அண்மையில் இறுகியது. 2024 ஓகஸ்ட் 23 அன்று சோலிங்கன் நகர விழாவில் மூன்று பேர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் இறுதியில் வந்த சட்டத் திருத்தம் பொது விழாக்களிலும் நெடுந்தூர ரயில்களிலும் கத்தியைத் தடை செய்தது. தொழில் போன்ற நியாயமான தேவைகளுக்கு விலக்குகள் உண்டு. ஒரு கையால் விரித்துப் பூட்டக்கூடிய கத்தியையும், 12 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட மடங்காத அலகுள்ள கத்தியையும் காரணமின்றிக் கொண்டு திரிவதற்கு அதற்கு முன்பே தடை இருந்தது. ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர் போன்ற பெருங்கூட்டத்துக்குப் போகிறவர்கள் பழம் வெட்டும் கத்தியை வீட்டில் விட்டுப் போவதே புத்தி. பிரான்சிலும் நியாயமான காரணம் கேட்பார்கள். சுவிஸில் சாதாரணச் சிவப்புக் கத்தி ஆயுதமாகக் கணக்கிடப்படுவதில்லை, விசை அழுத்தத் திறக்கும் கத்தி வேறு கதை.

நியாயமான காரணம் என்ற சொல் எல்லா நாட்டுச் சட்டத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. சாவடியில் நின்று பழகிய ஆட்களுக்கு அது புதிய சொல்லில்லை. அங்கே அந்த நாட்டு மொழியில் காரணம் சொல்லத் தெரியாத அகதிக்கும், இங்கே அன்று சிங்களம் தெரியாமல் நின்ற முதியவருக்கும் ஒரே தடுமாற்றம்தான். ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே கைது செய்தாலும் ஒரு சட்டத்தரணியும் மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார்கள், எந்தக் கத்திக்கு என்ன விதி என்று முன்கூட்டியே வாசித்துத் தெரிந்துகொள்ளவும் முடியும்.

2012இல் சித்தப்பா சுவிஸில் இருந்து வந்தபோது அப்பப்பாவுக்கும் ஒரு சிவப்புக் கத்தி கொண்டு வந்தார். அப்பப்பா திண்ணையில் இருந்து அதன் ஒவ்வொரு அலகாக விரித்துப் பார்த்தார். கத்தரிக்கோலைக் கண்டு சந்தோசப்பட்டார். பற்குத்தியை இழுத்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "வடிவான சாமான், ஆனா இதை எங்கை கொண்டு போறது?" என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் மடித்து அப்பம்மாவிடம் கொடுத்தார். அவ அதைப் பழைய வில்லுக்கத்தி இருந்த அதே அலுமாரித் தட்டில் வைத்தா.